முள் நடுவில் நிற்கிறது, இன்ஜின் சூடாகவில்லை: டீசல் புகை ஃபில்டரும் மைலேஜும் பார்த்த ஒரு வேலை

வண்டி 2021 மாடல், 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ டீசல், பி.எஸ். 6. ஓடியது 68,400 கிலோமீட்டர். ஓட்டமெல்லாம் திருநெல்வேலிக்குள், பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் நடுவில்தான்: பள்ளிக்கூடம், கடை, ஈரடுக்குப் பாலத்து நெரிசல். ஒரு நடைக்கு 5, 6 கிலோமீட்டர். எப்போதாவது நாகர்கோவில் அல்லது தென்காசி.

குறை இரண்டு. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 13க்கு வந்துவிட்டது. டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டரின் விளக்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை எரிகிறது. ஏற்கெனவே வேறொரு இடத்தில் ஸ்கேனர் மாட்டி இரண்டு தடவை ஃபில்டரில் சேர்ந்த கரியை எரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் 200 கிலோமீட்டர் தாங்கவில்லை. அடுத்ததாக, உள்ளே இருக்கும் தேன்கூட்டை இடித்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். அது சட்டப்படி தப்பு. தொழில்படியும் தப்புதான்: கரி ஏன் அதிகம் சேருகிறது, ஏன் எரியாமல் நிற்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஃபில்டர் போய்விடும், டீசல் செலவு குறையாது.

2020 ஏப்ரல் 1 முதல் விற்ற பி.எஸ். 6 டீசல் கார்களில் இந்த ஃபில்டர் வந்துவிட்டது. பீங்கான் போன்ற பொருளில் ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள், ஒன்றுவிட்டு ஒன்று வாய் அடைத்திருக்கும். புகை சுவர் வழியாகக் கசிந்து வெளியேறும், கரி சுவரில் தங்கும். கரி ஓர் அளவு சேர்ந்ததும் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாக டீசலை நேரம் பின்தள்ளித் தெளித்து, புகையின் சூட்டை 600 டிகிரிப் பக்கம் ஏற்றி அதை எரிக்கும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். பின்தள்ளித் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ரீஜென் ஒழுங்காக முடிந்தால் அது பெரிய விஷயமில்லை. பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கினால்தான் வம்பு.

அதனால் ஸ்கேனரை எடுக்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் ஆயில், மேல் கோட்டுக்கு மேலே 9 மில்லிமீட்டர் நின்றது. ஆயில் மாற்றி 4,100 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஆயில் குறையலாம், ஏறக் கூடாது. மூக்கருகே வைத்தால் டீசல் வாடை. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டு அரை மணி நேரம் வைத்தால் நடுவில் கருப்பு வட்டம், அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவியிருந்தது. வெளி வளையம்தான் டீசல். பிறகு ஆயிலை இறக்கியபோது 5.6 லிட்டர் வந்தது. இந்த இன்ஜினுக்குக் கொள்ளளவு 4.8. முக்கால் லிட்டருக்கு மேல் டீசல் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கிடந்திருக்கிறது. இந்த நிலையில் மறுபடியும் ஸ்கேனர் போட்டு ரீஜென் கட்டாயப்படுத்துவது பெரிய ஆபத்து. நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்னும். அளவு மிகவும் ஏறினால் ஆயிலையே இன்ஜின் உள்ளிழுத்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

டீசல் கணக்கு

மீட்டர் டிஸ்ப்ளே 15.1 காட்டியது. அதை நம்பக் கூடாது. டிஸ்ப்ளே சொல்வது, இவ்வளவு தெளி என்று ஈசியூ போட்ட உத்தரவின் கணக்கு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உண்மையில் எவ்வளவு விட்டது என்று அதற்குத் தெரியாது. டேங்க் டு டேங்க்தான் கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் முதல் தடவை தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாக ரூபாய் வரட்டும் என்று மேலே கொஞ்சம் தட்டி ஊற்றினால் கணக்கு கெட்டது. பாதை: நாகர்கோவில் போய்வர ஒன்று, தென்காசி போய்வர ஒன்று, மீதி டவுன் ஓட்டம். 312 கிலோமீட்டருக்கு 23.4 லிட்டர். லிட்டருக்கு 13.3. அதையே 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் என்று எழுதிக்கொள்வது நல்லது. காரணங்களைப் பிரித்துக் கூட்டிக் கழிக்க அந்தக் கணக்குதான் வசதி. பழைய 18 என்பது 100க்கு 5.55. காணாமல் போனது 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர்.

ஃபில்டர் இதில் எவ்வளவு தின்கிறது? ஈசியூ நினைவில் ரீஜென் முயற்சிகள் சராசரி 85 கிலோமீட்டருக்கு ஒன்று. கடைசியாக முழுசாக முடிந்தது 1,140 கிலோமீட்டருக்கு முன்னால். ஒவ்வொரு முயற்சியும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் செத்திருக்கிறது. இந்த அளவு இன்ஜினுக்கு ரீஜென் நேரத்தில் மணிக்கு 2 லிட்டர் கூடுதல் என்று வைத்தால், முயற்சிக்கு 0.4 லிட்டர். 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. காணாமல் போன 2 லிட்டரில் கால் பங்குகூட ஃபில்டர் கணக்கில் வரவில்லை. மீதி ஒன்றரை லிட்டர் வேறெங்கோ போகிறது. பட்டறைக்குப் பட்டறை இங்கேதான் வழுக்குகிறது: விளக்கு எரிவது ஃபில்டருக்கு, எனவே மைலேஜ் போனதும் ஃபில்டரால் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஃபில்டர் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா

ஈசியூவில் பதிவாகியிருந்த எர்ரர் கோடு (குறை எண்) பி2463, கரி அதிகம் என்பது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரின் கோடுகள், பி2452 முதல் பி2455 வரை, எதுவும் இல்லை. இருந்தாலும் சென்சாரை விசாரிக்காமல் ஃபில்டர் மேல் பழி போடக் கூடாது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: 0 அல்லது 1 மில்லிபார் காட்ட வேண்டும், 1 காட்டியது. சூடான ஐட்லிங்கில் 9. சும்மா நிறுத்தி 3,000 ஆர்பிஎம்மில் 92. நல்ல ஃபில்டராக இருந்தால் ஐட்லிங்கில் 2 முதல் 4, 3,000இல் 25 முதல் 35க்குள் நிற்கும்.

சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முன்பக்க ஹோஸின் நுனி கருகி விறைத்திருந்தது. 2 சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினால் போதும். காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் சென்சாரிலிருந்து கழற்றிய பிறகு, ஃபில்டரை நோக்கி அடிக்க வேண்டும். சென்சார் பக்கம் ஒரு ஊது ஊதினாலும் உள்ளே இருக்கும் சவ்வு போய்விடும். திரும்ப மாட்டும்போது முன், பின் மாறிவிட்டால் ரீடிங் மைனஸில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு சென்சார் போச்சு என்று புதுசு வாங்கியவர்கள் உண்டு.

சென்சார் பொய் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தனி மீட்டர் தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போதும். மூன்று மீட்டர் வெள்ளை டியூப், ஒரு பலகையில் 'ப'வைப் போல வளைத்துக் கட்டி, கலர் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்ற வேண்டும். சென்சார் ஹோஸ்களை இரண்டு நுனியிலும் மாட்டி இன்ஜினை ஓட்டினால், இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். 1 மில்லிபாருக்கு 1 சென்டிமீட்டர், மேலே ஒரு நூல். ஐட்லிங்கில் 9 சென்டிமீட்டர் வித்தியாசம். 3,000க்கு ஏற்றியதும் ஒரு பக்கம் 47 சென்டிமீட்டர் இறங்கி மறுபக்கம் 47 ஏறியது, மொத்தம் 94. ஸ்கேனர் சொன்ன 92உடன் பொருந்துகிறது. சென்சார் நல்லது, ஃபில்டர் நிஜமாகவே அடைத்திருக்கிறது. நாலைந்து விநாடிக்கு மேல் ஆக்சிலேட்டரைப் பிடித்து வைக்காதீர்கள். டியூப் சூட்டில் இளகிக் கழன்றால் கலர் தண்ணீர் முழுக்க மூஞ்சியில்தான்.

ஏன் கரி அதிகம், ஏன் எரியவில்லை

இரண்டும் வேறு வேறு கேள்வி. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காற்று குறைந்தால் கரி கூடும். ஏர் ஃபில்டரைத் தட்டியதில் செம்மண் நிறையவே கொட்டியது. திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் போய்வரும் வண்டிகளுக்கு இது வாடிக்கை, கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிட வேண்டும். இன்டர்கூலர் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் நுரை இல்லை. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு ஒரு மனக்கணக்கு: ஒரு சிலிண்டர் 375 சிசி. பங்குனி வெயிலில் 36 டிகிரிக் காற்று லிட்டருக்கு ஏறக்குறைய 1.14 கிராம். முழுசாக நிரம்பினால் 430 மில்லிகிராம். இஜிஆரை (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) ஸ்கேனரில் மூடிவைத்து ஐட்லிங்கில் பார்த்தால் அதில் 85, 90 சதவீதம் வர வேண்டும். 385 வந்தது. சென்சாரும் சரி, இஜிஆர் வால்வும் சரியாக மூடுகிறது.

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஈசியூ கூட்டிக் குறைக்கும் திருத்த அளவு நாலிலும் 1 மில்லிகிராமுக்குள். இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் பாட்டில் கட்டி மூன்று நிமிடம் ஐட்லிங் விட்டதில் 18, 20, 19, 31 மில்லி. நாலாவது கொஞ்சம் கூடத்தான். மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தாண்டாதவரை கை வைக்கத் தேவையில்லை, குறித்து மட்டும் வைக்கலாம். இன்ஜெக்டரில் சொலினாய்டு, பீசோ என்று இரண்டு வகை; இந்தப் பாட்டில் சோதனை சொலினாய்டு இன்ஜெக்டருக்கு மட்டும். பீசோ இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் லைனில் அழுத்தம் இருந்தால்தான் வேலையே நடக்கும். குழாயைத் திறந்துவிட்டால் சோதனையும் தப்பு, இன்ஜெக்டருக்கும் கேடு.

இரண்டாவது கேள்விதான் இந்த வேலையின் கரு. வண்ணார்பேட்டையிலிருந்து நாலுவழிச்சாலையில் நாங்குநேரி வரை ஸ்கேனரை ஓடவிட்டு கூலன்ட் சூட்டைப் பதிவு செய்ததில் வந்தது இது: டவுன் நெரிசலில் 79. பாளையங்கோட்டை தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் போனதும் 72. பத்து நிமிடத்தில் 66. நாங்குநேரி டோல்கேட் வரிசையில் நின்றதும் மறுபடி ஏறி 75. நல்ல இன்ஜினில் இது 85, 90 பக்கம் ஆணி அடித்தது போல நிற்க வேண்டும், வேகம் எதுவானாலும். ஓடினால் குளிர்கிறது, நின்றால் சூடாகிறது என்றால் அது தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி நிற்கும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டதற்கு அப்பட்டமான அடையாளம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது.

ரீஜென் ஏன் பாதியில் செத்தது என்பது இதே பதிவில் தெரிந்தது. நெரிசலில் 79 வந்ததும் ஈசியூ தொடங்குகிறது. வண்டி வேகமெடுத்ததும், அதாவது எரிப்புக்கு உகந்த நேரம் வந்ததும், கூலன்ட் இறங்க, 68இல் ஈசியூ நிறுத்திவிடுகிறது. அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும். நாலுவழிச்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்லும் வைத்தியம் இந்த வண்டிக்குத் தலைகீழாக வேலை செய்திருக்கிறது.

"அண்ணாச்சி, முள்ளு நடுவுலதான நிக்கி? இந்த வெயில்ல இன்ஜின் சூடாகலைன்னா யாரு நம்புவா?" என்று வண்டிக்காரர் கேட்டது நியாயம்தான். டேஷ்போர்டு முள் நிறைய வண்டிகளில் 70இலிருந்து 100க்கு மேல் வரை நடுவில் அசையாமல் நிற்கும்படியே அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாது என்று. 66க்கு இறங்கிய கொஞ்ச நேரம் முள் ஒரு நூலிழை சாய்ந்தது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டுக்கான பி0128 கோடும் விழவில்லை. நம்மூர் வெயிலில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டவுன் ஓட்டத்தில் எதிர்பார்த்த சூட்டை எட்டிவிடுகிறது, சோதனையில் பாஸாகிவிடுகிறது. குளிர்ப் பிரதேசத்தில் முதல் நாளே மாட்டியிருக்கும் குறை இங்கே வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

வேலை

தெர்மோஸ்டாட் மதுரையிலிருந்து வர நாலு நாள். அதற்குள் ஆயில் இறக்கிப் புதுசு, 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 தரம், 4.8 லிட்டர், கூடவே ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர். சி3 ஆயிலில் சல்பேட்டட் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள். விலை குறைவு என்று லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஊற்றினால், கரி எரிந்தாலும் அதன் சாம்பல் ஃபில்டரிலேயே கிடக்கும். சாம்பலை எந்த ரீஜெனும் எரிக்காது.

மீதி ஒன்றரை லிட்டரைத் தேடிச் சக்கரங்களைப் பார்த்தோம். 20 கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை டிஸ்க்கில் காட்ட வேண்டும். முன் வலது 48, முன் இடது 81. இடது காலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் துருவில் இறுகியிருந்தது. பேடின் ஒரு பக்கம் ஆப்பு போலத் தேய்ந்திருந்தது. பின்னைக் கழற்றி, துரு நீக்கி, ரப்பருக்குச் சேரும் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டாயிற்று. சாதாரண மஞ்சள் கிரீஸ் கூடாது, பூட் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். டயர் காற்று நாலிலும் 26, 27. கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் 33. சரிசெய்து, அதே பாதையில் இன்னொரு டேங்க்: 14.9. அதாவது 100க்கு 6.7. ஃபில்டரைத் தொடாமலேயே 0.8 லிட்டர் திரும்பக் கிடைத்தது.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது கையிலேயே 4 மில்லிமீட்டர் திறந்து நின்றது. வால்வு உட்காரும் இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு, நகத்தால் கீறினால் பொருக்காக உதிர்ந்தது. கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பருப்பு வேகாத உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். புதியதை மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு (அடியில் முட்டக் கூடாது), தெர்மாமீட்டருடன் சூடேற்றிப் பார்க்கலாம். இதில் பொறித்திருந்தது 83 டிகிரி. 83, 84இல் வாய் திறக்கத் தொடங்கி 95இல் முழுக்கத் திறந்தது. புதுப் பொருளும் டப்பாவிலிருந்தே கெட்டு வருவதுண்டு, பத்து நிமிடச் சோதனைக்குச் சோம்பக் கூடாது.

டிஸ்டில்டு வாட்டர் விட்டு மூன்று தடவை கழுவினோம்; மூன்றாவதில்தான் தெளிந்தது. பிறகு கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, மொத்தம் 6 லிட்டர். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அடைத்திருந்தால் சென்சார் தாறுமாறாகக் காட்டி, செய்த வேலையையே சந்தேகப்பட வைக்கும்.

எரிப்பு

ஷெட்டில் நிறுத்தி ஸ்கேனரில் ரீஜென் போடுவதைவிட சாலையில் விடுவது மேல்: காற்றோட்டம் உண்டு, சூடு சீராகப் பரவும். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்க வேண்டும். ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் தொடங்கவே தொடங்காது. பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர்ப் பக்கம், 75, 80 வேகத்தில், கியரை ஒன்று குறைத்து 2,200 முதல் 2,500 ஆர்பிஎம். இந்த முறை கூலன்ட் 87இல் நின்றது. ஃபில்டருக்கு முன் சூடு 590 முதல் 630 டிகிரி. 22 நிமிடத்தில் ஈசியூ கணக்கில் கரி 34 கிராமிலிருந்து 5 கிராமுக்கு வந்து, தானாக முடித்தது. நடுவில் டீக்கு நிறுத்துவதாக இருந்தால் தார் மேல் நிறுத்துங்கள். காய்ந்த புல்லும் பனையோலையும் கிடக்கும் ஓரத்தில் அந்தச் சூட்டோடு ஏற்றினால் வண்டியோடு விடலியும் (இளம்பனை) சேர்ந்து எரியும்.

மறுநாள் லெவல் டியூப்பில்: ஐட்லிங்கில் 3, 3,000இல் 31. ஃபில்டர் நல்லது. முழு எரிப்புக்குப் பிறகும் 3,000இல் 60, 70 என்று நின்றிருந்தால் அது சாம்பல். கழற்றி, அதற்கென்ற மெஷினில் சுத்தம் செய்ய வேண்டிய கேஸ். அப்போதும் வாட்டர் சர்வீஸ் கன்னையோ ஆசிட்டையோ காட்டக் கூடாது. ஈரமான சாம்பல் குழாயின் அடியில் களிமண்ணாக இறுகும், ஆசிட் உள்பூச்சை அரிக்கும். சுத்தம் நடந்ததா என்று அறிய ஒரே நேர்மையான வழி, உலர்ந்த நிலையில் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்ப்பது.

மூன்றாவது டேங்க், அதே பாதை: 17.1. 100க்கு 5.85. டவுன் ஓட்டம் இருக்கும்வரை இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. இந்த அளவை ஆனி, ஆடியில் எடுத்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது. காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 80இல் போனால் வண்டி சந்திப்பது 110இன் காற்று. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 1.9 மடங்கு. திரும்பும்போது பின்காற்றில் 0.4 மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினாலும் 1.14 வரும், 1 வராது. போய்வந்தால் சமன் ஆகிவிடும் என்பது காற்றாடிக்காரனுக்கு வேண்டுமானால் சரி.

1,900 கிலோமீட்டர் கழித்துப் பார்த்ததில் ரீஜென் நாலு நடந்திருந்தது, நாலும் முழுசு. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் கீழே, வாடை இல்லை. கூலன்ட் டப்பா மூடியில் வெள்ளை பெயின்டில் "போர் தண்ணி ஊத்தாத" என்று எழுதி அனுப்பியிருந்தது அழியாமல் இருந்தது.